தேர்வு எழுதியவரும் சிரித்தவர்களும்

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் வழக்கறிஞர் தகுதித் தேர்வை ஜூலை மாதம் எழுதியிருந்த கிம் கர்தாஷியன் அதில் தேர்ச்சி பெறவில்லை என்பதே அச்செய்தி. தேர்வில் ஒருவர் தோல்வியுறுவது அன்றாடம் நிகழ்வது. அதற்காகப் பத்திரிகைகள் இடம் ஒதுக்குவதில்லை. இவரோ தொலைக்காட்சியாலும் ஆடை, அழகுப் பொருள் வணிகத்தாலும் உலகப் புகழும் பெருஞ்செல்வமும் அடைந்தவர். ஆகவே ஒரு பகல் கழிவதற்குள் தில்லி, சென்னை, சிங்கப்பூர் என்று எங்கும் செய்தி பரவிற்று. பரவிய இடமெல்லாம் சிரிப்பும் உடன் சென்றது.

அந்த அம்மையாரின் வாழ்க்கை முறை இந்தப் பக்கங்களைப் படிப்போருக்கு முன்மாதிரியாக இருக்க வாய்ப்பில்லை. இருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவும் இல்லை. ஆராயத் தக்கது அவருடைய வாழ்க்கை அன்று, அந்தச் சிரிப்பு. அது எங்கிருந்து பிறந்தது, யாரைச் சென்று தாக்குகிறது என்னும் கேள்வி அமெரிக்காவோடு நிற்பதன்று.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிரித்தவர்களில் பலர் அதை அறிந்திருக்கவில்லை.

கிம் கர்தாஷியன் 1980-இல் பிறந்தவர். அவருடைய தந்தை ராபர்ட் கர்தாஷியன் ஒரு வழக்கறிஞர். 1995-இல் அமெரிக்காவையே தொலைக்காட்சியின் முன் அமர வைத்த ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய குழுவில் இருந்தவர், 2003-இல் மறைந்தார். மகள் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. தம் குடும்ப வாழ்க்கையையே காட்சியாக்கி 2007-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் மூலம் புகழ் பெற்றார். 2018-இல் ஆலிஸ் மேரி ஜான்சன் என்னும் பெண்மணியின் கதை அவர் கவனத்துக்கு வந்தது. அறுபது வயதைக் கடந்த அப்பெண்மணி, வன்முறை ஏதும் கலவாத ஒரு போதைப்பொருள் வழக்கில், முதல் குற்றத்துக்கே ஆயுள் தண்டனை பெற்று 21 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர். கிம் அவருக்காக அன்றைய அதிபர் டிரம்ப்பை நேரில் சந்தித்து முறையிட்டார். சில நாட்களில், ஜூன் மாதத் தொடக்கத்தில், தண்டனை குறைக்கப்பட்டு ஆலிஸ் விடுதலையானார். அதே ஆண்டில் கிம் சட்டம் படிக்கத் தொடங்கினார்.

கலிபோர்னியாவில் சட்டக் கல்லூரிக்குச் செல்லாமலே வழக்கறிஞர் ஆவதற்கு ஒரு வழி உண்டு. ஒரு வழக்கறிஞரிடமோ நீதிபதியிடமோ மாணவராகச் சேர்ந்து, வாரத்துக்கு 18 மணி நேரம் வீதம் நான்கு ஆண்டுகள் பயில வேண்டும். மாதந்தோறும் அவர் வைக்கும் தேர்வை எழுத வேண்டும். இது ஏதோ செல்வந்தர்களுக்காகத் திறந்து வைத்த கொல்லைப்புறக் கதவு என்று சிலர் எண்ணினர். உண்மையில் இது பழைய வழி. ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியிலும் பயிலாமல் 1836-இல் வழக்கறிஞராக உரிமம் பெற்றார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் சட்டப் பட்டம் பெற்றவர் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்ற பின்னரே பதிவு செய்துகொள்ளும் முறை முற்காலத்தில் இருந்தது. ஆசிரியரின் அருகில் அமர்ந்து கற்பது இந்நாட்டவருக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை.

இவ்வழியில் செல்பவர் முதலாண்டுப் படிப்பின் முடிவில் ஒரு தேர்வை எழுதித் தேற வேண்டும். அதில் கிம் மூன்று முறை தோற்றார். நான்காம் முறை வெற்றி பெற்றதை 2021 டிசம்பரில் அறிவித்தார். நான்கு ஆண்டுப் பயிற்சியை முடிக்க அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2025 மே மாதம் அது நிறைவுற்றது. ஜூலையில் இரண்டு நாள் நடைபெறும் இறுதித் தேர்வை எழுதினார். ஐந்து கட்டுரை வினாக்கள், ஒரு செயல்முறைப் பகுதி, 200 சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் கொண்ட தேர்வு அது. அதில்தான் தோல்வி. அந்த வாரத்தில்தான் அவர் வழக்கறிஞராக நடித்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் வெளியாகியிருந்தது. நடிப்பில் வழக்கறிஞர், தேர்வில் இல்லை என்னும் இந்தப் பொருத்தம் கேலி செய்ய விரும்பியவர்களுக்கு வெல்லமாக அமைந்தது. அவரே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார். மீண்டும் எழுதப் போவதாகவும் அப்போதே அறிவித்தார்.

மக்கள் இச்செய்தியை எதிர்கொண்ட விதம் பெரும்பாலும் இருவகை. "பணத்தால் எல்லாம் வாங்கலாம் என்று நினைத்தாள், வாங்க முடியவில்லை" என்று மகிழ்ந்தவர்கள் ஒருபுறம். "விடாமுயற்சியின் வடிவம்" என்று போற்றியவர்கள் மறுபுறம். எண்ணிக்கையில் மிகச் சிலரே நடுவில் நின்று, இத்தேர்வு எதற்காக இருக்கிறது என்று கேட்டனர்.

சிரிப்பின் இலக்கணம்

பிறர் தோல்வியில் ஏன் மகிழ்ச்சி உண்டாகிறது என்று கிரேக்க ஞானிகள் நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றனர். பிளேட்டோவின் ஃபிலிபஸ் என்னும் உரையாடலில் சாக்ரடீஸ் நகைச்சுவை நாடகத்தைப் பார்ப்பவனின் மனத்தை எடுத்துக்கொள்கிறார். பார்ப்பவன் சிரிக்கிறான், அதில் இன்பம் உண்டு. ஆனால் அந்த இன்பத்துக்குள் பிறன் நன்மை பொறுக்காத ஒரு வேதனையும் கலந்திருக்கிறது என்கிறார் அவர். சிரிப்புக்கு உரியவன் யார் என்பதற்கும் அங்கே விடை உண்டு: தன்னைத் தான் அறியாதவன். இருப்பதைவிடத் தன்னைச் செல்வன் என்று நினைப்பவன், இருப்பதைவிட அழகன் என்று நினைப்பவன், இருப்பதைவிட அறிஞன் என்று நினைப்பவன் ஆகிய மூவகையினர் நகைப்புக்கு இடமாகின்றனர். மூன்றாம் வகையினரே மிகப் பலர்.

இந்த இலக்கணத்தைக் கொண்டு பார்த்தால் ஒரு வியப்பு தோன்றும். தேர்வு எழுதுபவர் செய்வது என்ன? தமக்கு இன்னது தெரியுமா, தெரியாதா என்று தம்மை அறியாத ஒருவரிடம் கேட்கிறார். அவர் சொல்லும் விடைக்குக் கட்டுப்படுவதாகவும் ஒப்புக்கொள்கிறார். தன்னை அறியாமை என்னும் நோய்க்கு மனிதர் கண்டுபிடித்த எளிய மருந்துகளில் தேர்வும் ஒன்று. மருந்து குடிக்க வந்தவரைப் பார்த்து நோயாளி என்று நகைப்பதில் என்ன பொருத்தம் இருக்கிறது? தமக்கு எல்லாம் தெரியும் என்று மேடைதோறும் பேசி, எந்தத் தேர்வுக்கும் உட்படாத புகழாளர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கிடைப்பது கைதட்டல்.

அரிஸ்டாட்டில் இதை வேறு விதமாகப் பிரித்தார். தகுதியற்றவன் அடையும் நன்மையைக் கண்டு வருந்துவது நெமெஸிஸ். இது நியாயத்திலிருந்து பிறக்கும் சினம். யார் அடைந்த நன்மையாயினும் அதைக் கண்டு வருந்துவது பொறாமை. பிறருக்கு நேரும் தீமையைக் கண்டு மகிழ்வது மூன்றாவது; அதற்குக் கிரேக்கத்தில் தனிச் சொல்லே உண்டு. தமிழில் பொறாமைக்கு அழுக்காறு என்ற அருமையான சொல் இருக்கிறது. திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே அமைந்திருக்கிறது. மூன்றாவதற்கு ஒரு தனிச் சொல் தமிழில் எளிதில் அகப்படவில்லை. சொல் அகப்படவில்லையே தவிர, பொருள் தெருத்தெருவாகக் கிடைக்கிறது.

இம்மூன்றும் ஒரே முகத்தோடு வெளிவருவதே சிக்கல். பொறாமைக்காரன் எவனும் தான் பொறாமைப்படுவதாகச் சொல்வதில்லை. நியாயத்துக்காகப் பேசுவதாகவே சொல்கிறான். பெரும்பாலும் அப்படியே நம்பவும் செய்கிறான். ஆகவே ஒரு சோதனை வேண்டும். கிம் கர்தாஷியன் விஷயத்தில் அச்சோதனை எளிது. அவருக்குத் தகுதியில்லாத நன்மை எதுவும் கிட்டவில்லை. புகழ் அங்கே செல்லவில்லை. பணம் அங்கே செல்லவில்லை. விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது. புகழ் எல்லாக் கதவுகளையும் திறக்கிறது என்று நெடுங்காலம் வருந்தியவன், திறக்காத ஒரு கதவைக் கண்டு நிம்மதி அடையலாம். அந்த நிம்மதி தேர்வு முறையைப் பற்றியது, அது நியாயமானது. தோற்றவர் அழுவதைப் பார்த்து அடையும் இன்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர் தேறியிருந்தால் இதே மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். "பணம் கொடுத்து வாங்கியிருப்பாள்" என்பது அவர் வாயில் தயாராக இருந்திருக்கும். தேறினாலும் குற்றம், தோற்றாலும் குற்றம் என்னும் இடத்தில் நீதிக்கு வேலையில்லை. வடமொழியில் அசூயை என்னும் சொல்லுக்குப் பொருளே, குணம் இருக்கும் இடத்தில் தோஷத்தைக் காண்பது.

நியாயமான கேள்விகளும் உண்டு. அவற்றைத் தள்ளிவிடக் கூடாது. தனி ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. பகலெல்லாம் வேலை செய்து இரவில் படிக்கும் ஒருவருக்கு வாரம் 18 மணி நேரம் என்பது மலை. ஒரே தேர்வு என்றாலும் தேர்வு அறையை அடையும் பாதை ஒன்றாக இல்லை. இக்கேள்வி கலிபோர்னியாவுக்கு மட்டும் உரியதன்று. பயிற்சி வகுப்புக் கட்டணம் கட்டியவனும் கட்ட இயலாதவனும் அடுத்தடுத்த மேசையில் அமரும் எந்த ஊருக்கும் உரியது. ஆனால் இக்கேள்வியைக் கேட்பவன் சிரிப்பதில்லை. கேலி செய்தவர்களின் கூட்டத்தில் இக்கேள்வி அரிதாகவே ஒலித்தது என்பதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

இந்தத் தேர்வில் தோற்றதை அறிவின்மைக்குச் சான்றாகக் கொள்பவர்கள் சில பெயர்களை நினைவில் வைப்பது நல்லது. ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக இருந்தவரும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவருமான கேத்லீன் சல்லிவன் 2005-இல் இதே கலிபோர்னியத் தேர்வில் தோற்றார். அடுத்த ஆண்டு எழுதித் தேறினார். பின்னாளில் துணை அதிபரான கமலா ஹாரிஸ் முதல் முயற்சியில் தோற்றவர். நியூயார்க்கில் அதிபர் கென்னடியின் மகன் இருமுறை தோற்று 1990-இல் மூன்றாம் முறை தேறினார். அப்போதும் பத்திரிகைகள் அவருடைய அழகையும் தோல்வியையும் சேர்த்து வைத்துத் தலைப்பிட்டுச் சிரித்தன. லண்டனில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதிய மோகன்தாஸ் காந்தி முதல் முறை லத்தீன் மொழியில் தோற்றார்; 1890-இல் மீண்டும் எழுதித் தேறினார். 1891 ஜூனில் பாரிஸ்டராகி, மறுநாள் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டு, அதற்கு அடுத்த நாள் கப்பல் ஏறிய அவர், பம்பாயில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்றபோது நா எழவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். தேர்வில் தேறியவர், நீதிமன்றத்தில் பேச இயலாதவர். அன்று அங்கிருந்த வக்கீல்கள் அந்தக் காட்சியை ரசித்திருப்பார்கள் என்று அவரே பின்னர் எழுதினார்.

லோதி ரோட்டில் இரு அலுவலகங்கள்

தில்லி லோதி ரோட்டில் சி.ஜி.ஓ. வளாகம் என்ற அரசு அலுவலகத் தொகுதி இருக்கிறது. அதனுள் அருகருகே இரண்டு நிறுவனங்கள். ஒன்று ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் எனப்படும் பணியாளர் தேர்வாணையம். மத்திய அரசின் எழுத்தர் முதலிய பதவிகளுக்காக நாடெங்கும் லட்சக்கணக்கான இளைஞர்கள் எழுதும் தேர்வுகளை நடத்துவது. மற்றொன்று சி.பி.ஐ. தலைமையகம். தேர்வு நடத்துபவரும் குற்றம் துப்பறிபவரும் ஒரே வளாகத்தில் இருப்பது தற்செயல்தான். ஆயினும் 2018-இல் இந்த அமைப்பு பொருள் நிறைந்ததாக மாறியது. வினாத்தாள் கசிந்துவிட்டது என்று குமுறிய தேர்வர்கள் பிப்ரவரி இறுதியில் அந்த வளாகத்தின் வெளியே சாலையில் அமர்ந்தனர். பல நாட்கள் எழவில்லை. ஹோலிப் பண்டிகையும் அங்கேயே கழிந்தது. அவர்கள் தேர்வை எளிதாக்குங்கள் என்று கேட்கவில்லை. சி.பி.ஐ. விசாரணை வேண்டும், தேர்வு தூய்மையாக நடக்க வேண்டும் என்றுதான் கேட்டனர். அவ்வாண்டே சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது.

தேர்வை மதிப்பவர் யார் என்று அறிய விரும்புவோர் அந்த நடைபாதையை எண்ணிப் பார்க்கலாம். அங்கே அமர்ந்திருந்தவர்களில் முதல் முறை எழுதியவர்களும், பலமுறை தோற்றவர்களும் இருந்திருப்பர். தோற்றவனுக்குத் தேர்வின் நேர்மையில் உள்ள அக்கறை, தேறியவனுக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று, ஒருவேளை கூடியது. நேர்மையான தேர்வில் தோற்றால்தான் அந்தத் தோல்விக்கு ஒரு பொருள் உண்டு.

இதே சி.பி.ஐ. தொடுத்த வழக்கொன்றில் சிறை சென்ற ஒருவரின் தேர்வுக் கதை, அமெரிக்கச் செய்தியைவிட ஆழமாகச் சிந்திக்க வைப்பது. ஹரியாணாவின் முதலமைச்சராக இருந்த ஓம் பிரகாஷ் சௌட்டாலா, தம் ஆட்சிக் காலத்தில் 3,206 இளநிலை ஆசிரியர்களை நியமித்ததில் நடந்த முறைகேட்டுக்காக 2013 ஜனவரியில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நேர்முகத் தேர்வில் இட்ட மதிப்பெண் பட்டியலை நீக்கிவிட்டு வேறு பட்டியலை வைத்தது அம்முறைகேடு. 2015-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. திஹார் சிறையில் இருந்தபோது அவர் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிக்கத் தொடங்கினார். விடுதலையான பின் 2021 ஆகஸ்டில், சிர்சா நகரில், பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வை எழுதினார். கை முறிந்திருந்ததால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். 100-க்கு 88 மதிப்பெண். 2022 மே மாதம், 87-ஆம் வயதில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம்தான் சிறையில் இருந்தபடி பத்தாம் வகுப்பு எழுதும் ஒரு முதலமைச்சரைப் பற்றிய இந்தித் திரைப்படம் வெளியாகியிருந்தது. நடிகர்கள் பாராட்டினர், வயது வெறும் எண்தான் என்று பலரும் நெகிழ்ந்தனர். வேறு பலர் கேலி செய்தனர். அதே மே மாத இறுதியில் வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கில் தில்லி நீதிமன்றம் அவருக்கு மேலும் நான்காண்டுத் தண்டனை விதித்தது. 2024 டிசம்பரில் அவர் காலமானார்.

இங்கே அரிஸ்டாட்டில் சொன்ன நியாயமான சினத்துக்கு இடம் உண்டு. பிறர் நேர்மையாகப் பெற்ற மதிப்பெண்ணை மாற்றிய ஆட்சிக்குத் தலைமை வகித்தவர், தமக்கென்று மதிப்பெண் பெற அமர்கிறார். அந்த மதிப்பெண் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். இதைக் கண்டு ஒரு ஹரியாணா இளைஞன் கசப்போடு சிரித்திருந்தால், அவனை அசூயைக்காரன் என்று ஒதுக்கிவிட முடியாது; தன் வேலையை இழந்தவனாகக்கூட அவன் இருக்கலாம். அவனிடம் வயது வெறும் எண்தான் என்று சொல்வது, அவனுக்கு இழைத்த அநீதியை மறைத்துப் போடும் பூமாலை.

ஆயினும் அந்த 88 மதிப்பெண் பொய்யன்று. ஆங்கிலத் தேர்வு ஆங்கிலத்தைச் சோதிக்கிறது, மனசாட்சியைச் சோதிப்பதில்லை. முதியவர் ஒருவர் ஆங்கிலம் படித்தார் என்பது ஒரு கணக்கு. ஆசிரியர் பணிக்கு உரியவர்களுக்கு அநீதி இழைத்தார் என்பது வேறு கணக்கு. அதை நீதிமன்றம் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. முதல் கணக்கின் வரவை இரண்டாவதன் கடனுக்கு ஈடு செய்ய முயன்றவர்கள் புகழ்ந்தவர்கள். இரண்டாவதன் கடனுக்காக முதல் கணக்கையே கிழிக்க முயன்றவர்கள் கேலி செய்தவர்கள். அவர் தேர்வில் தோற்க வேண்டும் என்று விரும்புவது, அவர் பிறருக்குச் செய்ததையே மனத்தளவில் அவருக்குச் செய்வதாகும்.

நான்கு மனநிலைகள்

பதஞ்சலி முனிவர் மனத் தெளிவுக்கு நான்கு பாவனைகளைச் சொல்கிறார். இன்புற்றவரிடம் மைத்ரி, துன்புற்றவரிடம் கருணை, நற்செயல் புரிபவரிடம் முதிதை என்னும் உவகை, தீயதில் உபேக்ஷை என்னும் விலகி நிற்றல். விளக்க உரைகளைப் படிக்கும்போது நால்வகை மனிதர்கள் தனித்தனியே வரிசையில் நிற்பது போலத் தோன்றும். உலகில் அப்படி யாரும் நிற்பதில்லை. கிம் கர்தாஷியன் செல்வத்தால் இன்புற்றவர், தோல்வியால் துன்புற்றவர், தளராமல் படித்ததால் உவகைக்கு உரியவர். அவருடைய வாழ்க்கைக் காட்சிகளில் பல ஒரு சாதகன் விலகி நிற்க வேண்டியவை. ஒரே ஆளிடம் நான்கும் இருக்கின்றன. சௌட்டாலாவிடமும் அப்படியே. ஒவ்வொரு பகுதியிடமும் அதற்குரிய பாவனையைக் கொள்வதுதான் கடினம். முழு மனிதரையும் ஒரே சொல்லால் அடித்துப் போடுவது எளிது. தொலைபேசித் திரையில் விரல் நகரும் வேகத்துக்கு ஏற்றதும் அதுவே.

நான்கினுள் முதிதையே அரியது என்று தோன்றுகிறது. துன்புற்றவரிடம் கருணை காட்டுவதில் காட்டுபவனுக்கு ஓர் உயர்வு உண்டு. தன்னைவிட எல்லாம் பெற்ற ஒருவர், தன்னைப் போலவே புத்தகத்தின் முன் அமர்ந்து திணறுவதைக் கண்டு உள்ளம் மலர்வதற்கு அந்த உயர்வு கிடையாது. கிடைப்பதெல்லாம் சமத்துவம், பலருக்கு அது போதுவதில்லை.

இந்தியாவில் சட்டப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு 2011-இல் தொடங்கியது. அத்தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் தீர்ப்பளித்தது. இத்தகைய தேர்வு இருப்பது வழக்கறிஞரின் பெருமைக்காக அன்று. நீதிமன்றப் படியில் தம் நிலத்தையோ மகனையோ இழந்துவிடுவோமோ என்று நடுங்கி நிற்கும் கட்சிக்காரருக்காக. அவருடைய கண்ணால் பார்த்தால் கலிபோர்னியத் தேர்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. இன்னும் ஆயத்தமாகாத ஒருவரிடம், இன்னும் படித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறது. (அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த தேர்வில் கணினிக் கோளாறுகள் மலிந்து, சில வினாக்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பதும் வெளியாகி, தேர்வு நடத்தியவர்களே தேறாமல் போன கதை தனி.) இதில் நகைப்பதற்கும் ஒன்றுமில்லை, மாலை இடுவதற்கும் ஒன்றுமில்லை.

அடுத்த அறை

லோதி காலனியின் அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அத்தகைய ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளலாம். மதுரையிலோ மட்டுங்காவிலோ இருந்தாலும் வீடு ஒன்றுதான். கூடத்தில் தகப்பனார் தொலைபேசியில் இச்செய்தியைப் படிக்கிறார். அத்தனை பணம் இருந்தும் மண்டையில் ஒன்றும் இல்லை என்று உரக்கச் சொல்லி நகைக்கிறார். மனைவியும் சேர்ந்துகொள்கிறார். இருவரும் நல்லவர்கள். யாருக்கும் தீங்கு நினைத்து அறியாதவர்கள். அந்தச் சொல் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேரப் போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளமாகச் சொல்கின்றனர்.

அடுத்த அறையில், பாதி மூடிய கதவுக்குப் பின்னால், மூன்றாம் முறை பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகன் இருக்கிறான். சொல் அவனைச் சென்று சேர்கிறது. இவ்வீட்டில் தேர்வில் தோற்றவரைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்பதை அவன் இப்போது அறிந்துகொண்டான். நாளை இரவு சாப்பாட்டின்போது, தோல்வி சகஜம் என்று அவர்கள் கனிவோடு சொல்லும்போது அவன் தலையசைப்பான்; நம்ப மாட்டான். தங்களுக்குள் பேசியதை உண்மை என்றும், தன்னிடம் பேசியதை ஆறுதல் என்றும் அவன் பிரித்து வைத்துவிட்டான். பிள்ளைகள் இதில் வல்லவர்கள்.

2017-இல் தமிழக அரசு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பெயர்ப் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை நிறுத்தியது. மாணவர் மனத்தில் ஏற்றப்படும் சுமையைக் குறைப்பதே நோக்கம். அரசு தன் பட்டியலை எடுத்துவிட முடியும். கூடத்தில் பேசப்படும் பேச்சுக்கு அரசாணை பிறப்பிக்க முடியாது.

தோல்வியைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது என்பது இதற்கு விடையன்று. மௌனத்தையும் பிள்ளைகள் படித்துவிடுவர். அத்தகப்பனார் அதே செய்தியை வேறு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். முதலாண்டுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர் நான்காம் முறை தேறியது எப்படி? மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் படிக்கும் முறையில் எதை மாற்றியிருப்பார்? ஒரே புத்தகத்தை மீண்டும் படித்தாரா, தவறிய வினாக்களிலிருந்து தொடங்கினாரா? இது கேலியும் இல்லை, உபதேசமும் இல்லை. விடை தெரியாத ஒருவர் கேட்கும் கேள்வி. மகனை அழைத்து அவனிடம் இதைக் கேட்டால், அந்த வீட்டில் இதைப் பற்றிச் சொல்லக் கூடியவன் அவன் ஒருவன்தான் என்பது அவருக்குத் தெரிய வரும். அவர் அலுவலகத் தேர்வு எழுதி முப்பது ஆண்டுகள் ஆகின்றன.